நாற்பது ஆண்டு விருந்தினர்: அகதிக் கொள்கையில் குடும்பத்துக்கு எங்கே இடம்?

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், கிளப் ஹவுசில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம். பேசியவர் நம் குடியிருப்பைச் சேர்ந்தவர்; வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கேள்வி நேரத்தின் சுருக்கம் இறுதியில் உள்ளது. - ஆசிரியர் குழு)



இந்தத் தலைப்பை நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. கடந்த பொதுக்குழுவில் ஓர் உரிமையாளர் எழுந்து, "என் வீட்டை ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பம் வாடகைக்குக் கேட்கிறது. முகாமுக்கு வெளியே பதிவு பெற்று வாழ்பவர்கள். கொடுக்கலாமா?" என்று கேட்டார். பத்து நிமிடம் பேசினோம். "வம்பு எதற்கு?" என்றார் ஒருவர். "பாவம், கொடுங்கள்" என்றார் இன்னொருவர். "சட்டம் என்ன சொல்கிறது?" என்று மூன்றாமவர் கேட்டபோது எல்லோரும் அமைதியாகிவிட்டோம். முடிவெடுக்காமல் அடுத்த பொருளான லிப்ட் பராமரிப்புக்குப் போய்விட்டோம். அந்தக் குடும்பம் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறது. செயலாளர் என்னிடம், "நீங்கள் முகாம் பொறுப்பில் சில காலம் இருந்தவர்தானே, விஷயத்தை விளக்கிச் சொல்லுங்கள்" என்றார். அதனால் வந்திருக்கிறேன்.

எத்தனை பேர், எப்போது வந்தார்கள்?

1983 ஜூலையில் இலங்கையில் நடந்த இனக்கலவரத்துக்குப் பிறகு தலைமன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படகுகள் ராமேஸ்வரம் கரைக்கு வரத் தொடங்கின. நான்கு அலைகளாக வந்தார்கள். 1983 முதல் 1987 வரை ஓர் அலை. 1989க்குப் பிறகு இரண்டாவது. 1996இலிருந்து மூன்றாவது. 2006இல் போர் மீண்டும் மூண்டபோது நான்காவது. மொத்தம் 3,04,269 பேர் என்பது அரசுக் கணக்கு. ஒப்பந்தப்படியும் ஏற்பாட்டின்படியும் 1995 மார்ச் வரை சுமார் 99,000 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பலர் தாங்களாகவே ஊர் திரும்பினார்கள். சிலர் கனடா, ஐரோப்பா என்று போனார்கள்.

2021 ஆகஸ்டில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் வைத்த கணக்கின்படி, 29 மாவட்டங்களில் 108 முகாம்களில் 58,822 பேர். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாழ்பவர்கள் 34,087 பேர். இரண்டையும் கூட்டினால் சுமார் 93,000. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. அதோடு ஒப்பிட்டால் 10,000 பேருக்கு 13 பேர். மாநிலத்தை மூழ்கடிக்கும் எண்ணிக்கை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர்களிடம் சொல்லுங்கள்.

நமக்குப் பக்கத்தில் கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் முகாம்கள் இருக்கின்றன. திருச்சியில் கொட்டப்பட்டு, புதுக்கோட்டையில் தோப்புக்கொல்லை, ஈரோட்டில் பவானிசாகர் என்று மாநிலம் முழுக்கப் பரவியிருக்கின்றன. முகாம் ஆண்கள் பெரும்பாலும் செய்யும் தொழில் பெயின்டிங். நம்மைப் போன்ற அடுக்குமாடிகளில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு வெளிச்சுவருக்கு வண்ணம் அடிப்பவர்களில் அவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். நாம் அவர்களைச் சந்தித்ததில்லை என்று நினைக்கிறோம். நம் பால்கனிக்கு வெளியே நின்று தண்ணீர் கேட்டிருப்பார்கள்.

வயதையும் கணக்குப் பாருங்கள். 1984இல் ஐந்து வயதில் வந்த பிள்ளைக்கு இன்று நாற்பது தாண்டிவிட்டது. அவருக்கு இங்கேயே கல்யாணம் ஆகி, பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள். மூன்றாம் தலைமுறை வந்துவிட்டது. முகாமில் வாழ்பவர்களில் ஏராளமானவர்கள் இலங்கையைப் பார்த்ததே இல்லை.

சட்டம் அவர்களை எப்படிப் பார்க்கிறது?

இந்திய சட்டத்தில் 'அகதி' என்ற சொல்லுக்கு விளக்கம் கிடையாது. 1951ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையிலும் 1967 நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. நமக்கு இருந்தது 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம். அதன் இடத்தில் 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்திருக்கிறது. பழையதற்கும் புதியதற்கும் பொதுவான அம்சம் ஒன்று: சுற்றுலா வந்து விசா முடிந்தும் தங்கிவிட்டவரும், குண்டுவீச்சிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு படகேறியவரும் ஒரே பெயரில் அடங்குவார்கள். இருவரும் 'வெளிநாட்டவர்'.

அப்படியானால் இவர்கள் எப்படி இத்தனை ஆண்டுகள் இருக்கிறார்கள்? அரசாணைகளால். மத்திய அரசு பணம் தருகிறது, மாநில அரசும் சேர்த்துத் தருகிறது, வருவாய்த் துறை நிர்வகிக்கிறது. மாதப் பணக்கொடை, ரேஷன் அரிசி, பள்ளி, அரசு மருத்துவமனை எல்லாம் உண்டு. 2021இல் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்த உதவித்தொகை 1,500 ஆனது. மற்றப் பெரியவர்களுக்கு 750 என்பது 1,000 ஆனது. குழந்தைகளுக்கு 400 என்பது 500 ஆனது. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட 231.54 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. இவை நல்ல காரியங்கள். தமிழ்நாடு செய்ததைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

ஆனால் அரசாணையால் கிடைப்பது கருணை. அது அடுத்த அரசாணையில் மாறலாம். 1991 மே 21க்குப் பிறகு அப்படித்தான் ஒரே இரவில் எல்லாம் மாறியது. கண்காணிப்பு இறுகியது, 1992 ஜனவரியில் திருப்பி அனுப்புவது தொடங்கியது. ஒரு கொடுங்குற்றத்தை யார் செய்தார்களோ அவர்களைத் தாண்டி, அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத லட்சம் பேரின் வாழ்க்கை ஆட்டம் கண்டது. சட்டம் என்று ஒன்று இருந்திருந்தால் குற்றவாளியையும் அடைக்கலம் வந்தவரையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருந்திருக்கும்.

குடியுரிமைக்கு வருவோம். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்த எவரும், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இன்னும் இறுகியது: ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்தவர் அந்தச் சட்டத்தின் சொற்படி சட்டவிரோதக் குடியேறி.

இதன் விளைவு என்ன? 1987 ஜூலைக்கு முன் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், தமக்கு இந்தியக் கடவுச்சீட்டு வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அதே முகாமில், அதே கூரைக்குக் கீழே, 1988இல் பிறந்த ஒருவருக்கு அந்த உரிமை இல்லை. இருவருக்கும் வித்தியாசம் பிறந்த தேதி மட்டும்தான்.

2019ஆம் ஆண்டு குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகள் இருக்கின்றன, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு விலக்கு ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் இருப்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு கிடைத்தது. நிம்மதி தரும் ஆணைதான். ஆனால் 'தண்டிக்க மாட்டோம்' என்பதற்கும் 'இங்கே வாழலாம்' என்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது.

குடும்பம் எங்கே உடைகிறது?

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். அகதி என்றவுடன் கூடாரம், அரிசி, போர்வை என்று யோசிக்கிறோம். ஆண்டுகள் போகப் போக அவர்களை வாட்டுவது இவற்றில் எதுவும் இல்லை. குடும்பம் சிதறிக் கிடப்பதுதான்.

மூன்று விதமாகச் சிதறுகிறது.

முதலாவது, நாட்டுக்குள்ளேயே. ஒரு முகாமில் பதிவான பெண் இன்னொரு மாவட்டத்து முகாமில் பதிவான ஆணைக் கட்டிக்கொண்டால், பெயரை மாற்ற மனு, விசாரணை, உத்தரவு என்று போக வேண்டும். அது வரும் வரை உதவித்தொகையும் ரேஷனும் பழைய முகாமில். முகாமில் அவ்வப்போது ஆட்களை நேரில் வரவழைத்துக் கணக்கெடுப்பார்கள். அன்று இருந்தாக வேண்டும். சென்னையில் பத்து மாடிக் கட்டடத்தில் பாதிச் சுவர் வண்ணம் அடித்துக்கொண்டிருப்பவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறுவார்.

இரண்டாவது, கடலுக்கு இருபுறமும். அப்பா மன்னாரில், மகள் முகாமில். தாய் இறந்தால் போய்ப் பார்க்க நினைத்தால், வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். அதை வாங்கிப் போனவர் திரும்பி முகாமுக்கு வரும் உரிமையோடு போவதில்லை. ஆகவே பலர் போவதே இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து மன்னார் தீவு கண்ணுக்கெட்டும் தூரம் என்று சொல்வார்கள். தகப்பன் காரியத்துக்குப் போக முடியாதவர்களுக்கு அந்தத் தூரம் வேறு.

மூன்றாவது, ஒரே வீட்டுக்குள். நம் ஊர்ப் பையன் முகாம் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான். இது அபூர்வம் இல்லை; நாற்பது வருடம் ஒரே பள்ளியில் படித்து, ஒரே கோயில் திருவிழாவில் கலந்துகொண்டால் நடக்கத்தானே செய்யும். இந்தியரை மணந்தவர் ஏழு ஆண்டுகள் இங்கே வசித்த பின் குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சட்டவிரோதக் குடியேறிக்கு அந்த வழி அடைபட்டது. நான் முன்பு சொன்ன 2004 விதியையும் சேர்த்துப் பாருங்கள். தகப்பன் இந்தியர், பிறந்தது அரசு மருத்துவமனை, பிறப்புச் சான்றிதழ் நம் நகராட்சி கொடுத்தது. ஆனால் குழந்தை இந்தியக் குடிமகன் இல்லை. அந்தக் குழந்தை எந்த எல்லையைத் தாண்டியது?

இந்தியா 1992இல் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அதன் 10ஆம் பிரிவு, குடும்பம் ஒன்று சேர்வதற்காகக் குழந்தையோ பெற்றோரோ தரும் விண்ணப்பத்தைச் சாதகமாகவும் மனிதாபிமானத்தோடும் விரைவாகவும் கையாள வேண்டும் என்கிறது. அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடாத நாம் இதில் போட்டிருக்கிறோம். போட்ட கையெழுத்துக்கு ஒரு நடைமுறை வேண்டாமா? எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது, எத்தனை நாளில் பதில் வரும், மறுத்தால் யாரிடம் மேல்முறையீடு? இந்த மூன்று கேள்விக்கும் விடை எழுதிய ஒரு பக்கத் தாள் இருந்தால் பாதிக் கண்ணீர் குறையும்.

வேறு இடங்களில் எப்படி?

கனடாவில் ஐந்து குடிமக்கள் சேர்ந்து ஓர் அகதிக் குடும்பத்தைப் பொறுப்பேற்கலாம். 1976ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இதற்கு வழி செய்தது. வீடு பார்ப்பது, பாத்திரம் பண்டம் வாங்குவது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது எல்லாம் ஓராண்டுக்கு அவர்கள் பொறுப்பு. 1979, 80இல் வியட்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து 60,000 பேரைக் கொண்டுவந்தார்கள். பாதிக்கு மேல் இப்படிப் பொதுமக்கள் பொறுப்பேற்றவர்கள். அங்கே இன்னொரு விதியும் உண்டு. அகதியாக வந்து சேர்ந்தவர், வர முடியாமல் விட்டுவந்த மனைவி, கணவர், சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக, வந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பங்கள் குவிந்து, 2024 நவம்பரில் ஐவர் குழுக்களிடமிருந்து புதியவை வாங்குவதை நிறுத்தி வைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வசதியான நாட்டுக்கும் திணறல் உண்டு.

ஜெர்மனி இன்னொரு பக்கம். துணைநிலைப் பாதுகாப்பு பெற்றவர்களின் குடும்பத்தினருக்கு 2018 முதல் மாதம் 1,000 விசா என்று வரம்பு வைத்தார்கள். 2025 ஜூலையில் அதையும் இரண்டாண்டுகளுக்கு நிறுத்தினார்கள். அரசியல் நெருக்கடி வந்தால் முதலில் வெட்டுப்படுவது குடும்பம்தான்.

பணக்கார நாடுகளுக்குத்தான் இதெல்லாம் முடியும் என்று நினைக்க வேண்டாம். உகாண்டா நம்மைவிட ஏழை நாடு. அங்கே 2006ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் வேலை பார்க்கும் உரிமையையும் நடமாடும் உரிமையையும் தருகிறது. குடியேற்றப் பகுதிகளில் குடும்பத்துக்குச் சிறு நிலத்துண்டும் தருகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? மைசூருக்கு அந்தப் பக்கம் பைலகுப்பே இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அன்றைய மைசூர் மாநிலம் திபெத்தியர்களுக்கு நிலம் கொடுத்தது. விவசாயம் செய்தார்கள், கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள், பள்ளியும் மடமும் கட்டினார்கள். 2014இல் மத்திய அரசு திபெத்தியர் மறுவாழ்வுக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டு, நிலக் குத்தகையையும் நலத்திட்டங்களையும் ஒழுங்குபடுத்தியது. ஆக, இந்தியாவுக்கு இது தெரியாத வித்தை இல்லை. ஒரு கூட்டத்துக்குச் செய்ததை இன்னொரு கூட்டத்துக்கும் செய்யலாமே என்பதுதான் கேள்வி.

என்ன செய்ய வேண்டும்?

என் அனுபவத்தில் நான்கு காரியங்கள் தெரிகின்றன.

ஒன்று, தேசிய அளவில் ஒரு சட்டம். யார் அகதி, யார் தீர்மானிப்பது, எத்தனை நாளில், மேல்முறையீடு எங்கே என்று எழுதிவைத்த சட்டம். மக்களவையில் 2015இலும் 2022இலும் தனிநபர் மசோதாவாக இப்படியொன்று வந்தது, நிறைவேறவில்லை. பாதுகாப்பு பற்றிக் கவலைப்படுபவர்கள்தான் இதை முதலில் கேட்க வேண்டும். பதிவு, விசாரணை, அடையாள அட்டை எல்லாம் முறையாக இருந்தால்தானே யார் எங்கே இருக்கிறார் என்று தெரியும்?

இரண்டு, குடும்பத்துக்கு முன்னுரிமை. இந்தியக் குடிமகனை மணந்தவர், அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் ஆகியோரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற பட்டியலிலிருந்து முதலில் எடுக்க வேண்டும். முகாம் மாற்றத்துக்கு நாள் கெடு வேண்டும். நெருங்கிய உறவினர் மரணம், நோய் என்றால் போய்த் திரும்பிவர ஒரு பயண அனுமதி வேண்டும்.

மூன்று, நீண்டகால விசா. 2011 டிசம்பரில் மத்திய உள்துறை வகுத்த நடைமுறை ஒன்று இருக்கிறது. அதன்படி அகதி என்று கோருவோரின் நிலையை ஆராய்ந்து நீண்டகால விசா கொடுக்கலாம். அதை வைத்துத் தனியார் துறையில் வேலை பார்க்கலாம், படிக்கலாம். பொறியியல் படித்த முகாம் பையன் நேர்முகத் தேர்வில் தேறிய பிறகும் ஆவணம் இல்லாமல் பெயின்ட் பிரஷ்ஷைத் தூக்க வேண்டிய நிலை அதனால் மாறும்.

இதில் மலையகத் தமிழர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். நம் மாவட்டங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வாரிசுகள் அவர்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேருக்குக் குடியுரிமை தருவதாக இந்தியா ஒப்புக்கொண்டது. 1983க்குப் பிறகு படகில் வந்தவர்களில் அவர்களும் உண்டு. இந்திய வம்சாவளி என்று சொல்லி 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களது விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் மதுரைக் கிளை சொன்னது. பூர்வீக ஊர் பெயரைத் தாத்தா வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். காகிதம்தான் இல்லை.

நான்கு, திரும்பிப் போக விரும்புவோருக்கு மரியாதையான வழி. எல்லோரும் இங்கேயே இருக்க விரும்புகிறார்கள் என்று நாம் முடிவு கட்டக் கூடாது. வயதானவர்கள் பலருக்கு ஊர் மண்ணில் கண்ணை மூட ஆசை. இலங்கையில் குடியுரிமைப் பதிவு, காணிப் பத்திரம், இங்கே படித்த சான்றிதழுக்கு அங்கே மதிப்பு, கைச்சாமான்களைக் கொண்டுபோக வசதி ஆகியவை தேவை. 1984இல் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இப்படிச் சான்றிதழ் வாங்கிக் கொடுப்பதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. இங்கே பிறந்து, இந்தியக் குடியுரிமையும் இல்லாமல், இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவும் ஆகாமல் இருக்கும் பிள்ளை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பிள்ளை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். அதில் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு குடும்பம் பகல் வெளிச்சத்தில், கையில் காகிதத்தோடு ஊர் போனால் எப்படி இருக்கும்! வந்தது இரவில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. போவதாவது கௌரவமாக இருக்கட்டும்.

தர்மசத்திரமா?

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் மனுவைத் தள்ளும்போது, எங்கிருந்தும் வருபவர்களை எல்லாம் ஏற்க இந்தியா தர்மசத்திரம் இல்லை என்ற பொருளில் நீதிபதி வாய்மொழியாகக் கருத்துச் சொன்னார். நம்மில் பலருக்கு அதே எண்ணம் இருக்கலாம். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எந்த நாட்டுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு.

ஆனால் சத்திரத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சத்திரத்திலும் ஒரு பதிவேடு இருக்கும். எத்தனை நாள் தங்கலாம் என்று பலகை தொங்கும். கணக்குப்பிள்ளை இருப்பார். வந்தவருக்குத் தன் நிலை என்ன என்று முதல் நாளே தெரிந்துவிடும். நாற்பது ஆண்டுகளாகத் தங்கவைத்து, பள்ளியில் படிக்கவைத்து, வீடும் கட்டிக்கொடுத்து, 'நீ யார்' என்று மட்டும் சொல்லாமல் இருப்பது சத்திரமும் ஆகாது, வீடும் ஆகாது.

நம் சங்கம் செய்யக்கூடியது

தேசியக் கொள்கையை நாம் எழுத முடியாது. நம் கேட்டுக்குள் நடப்பதை முடிவு செய்யலாம்.

முதலில், அந்த வாடகைக் கேள்வி. முகாமுக்கு வெளியே, காவல் நிலையப் பதிவோடு வாழ அரசே அனுமதித்திருக்கிறது. வாடகைக்குக் கொடுப்பது குற்றம் இல்லை. வெளிநாட்டவரைக் குடிவைக்கும் உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் உரிய அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். அதைச் செய்துவிட்டு, எல்லா வாடகைதாரர்களுக்கும் கேட்கும் ஒப்பந்தமும் காவல் நிலையத் தகவல் படிவமும், கூடவே அவர்களது பதிவுச் சான்றின் நகலும் வாங்கிக்கொண்டால் போதும். 'இலங்கைக்காரர்களுக்கு இல்லை' என்று எழுதாத விதி ஒன்று நம் குடியிருப்பில் இருக்கக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

இரண்டாவது, அடுத்த முறை வெளிச்சுவர் வண்ண வேலைக்கு ஒப்பந்தம் போடும்போது, பாதுகாப்புப் பெல்ட்டும் விபத்துக் காப்பீடும் எல்லாத் தொழிலாளருக்கும் உண்டா என்று ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் வாங்குவோம். முகாம் அட்டை வைத்திருப்பவர் என்பதால் ஒருவர் பெயர் விடுபடக் கூடாது.

மூன்றாவது, நம் தொகுதி மக்களவை உறுப்பினருக்கு ஒரு கடிதம். பெரிய கோரிக்கை எதுவும் வேண்டாம். இந்தியரை மணந்தவர்கள், அவர்களது குழந்தைகள் விஷயத்தை மட்டும் எழுதுவோம். கட்சி பேதமில்லாமல் எல்லோரும் கையெழுத்திடக்கூடிய கோரிக்கை அது. வரைவு செயலாளரிடம் இருக்கிறது.



கேள்வி நேரத்திலிருந்து

*போர் 2009இல் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் போகவில்லை?*
போனவர்கள் இருக்கிறார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையம் விருப்பப்பட்டுத் திரும்புவோருக்கு உதவுகிறது. போகாதவர்களுக்குக் காரணம் பல: காணி கையில் இல்லை, அங்கே யாரும் இல்லை, பிள்ளைகளின் படிப்பு இங்கே. 2022இல் பொருளாதார நெருக்கடியின்போது புதிதாகச் சிலர் தனுஷ்கோடிக்குப் படகில் வந்ததையும் மறக்க வேண்டாம். ஊர் திரும்புவது அவரவர் முடிவாக இருக்க வேண்டும்.

*ஆதார் இருக்கிறதே, அது போதாதா?*
ஆதார் இங்கே வசிக்கிறார் என்பதற்குச் சான்று. குடியுரிமைக்குச் சான்று இல்லை. நமக்கும் அப்படித்தான்.

*வீட்டை அவர்களுக்குக் கொடுத்து நாளை சிக்கல் வந்தால் சங்கம் நிற்குமா?*
இதற்குத் தலைவர் பதில் சொன்னார்: எந்த வாடகைதாரர் விஷயத்தில் எப்படி நிற்கிறோமோ அப்படியே நிற்போம். இப்பொருள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் முடிவுக்கு வைக்கப்படும். கருத்துள்ளவர்கள் செயலாளரிடம் எழுத்து மூலம் தரலாம்.